லாலி: வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட வரலாற்றில் லாலிக்குக் கிடைப்பது ஒரே வரி: 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றார். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த ஒரு வரிக்கு முன்னால் ஐம்பது ஆண்டு ராணுவ வாழ்க்கை இருக்கிறது, பின்னால் ஒரு தூக்குமேடைக்கு நிகரான முடிவு இருக்கிறது. வந்தவாசி, புதுச்சேரி பக்கம் போய்வந்தவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

லாலியின் முழுப் பெயர் என்ன?

தோமா ஆர்தர் லாலி. கூடவே தொலாந்தால் பிரபு, கவுண்ட் என்ற பட்டங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்துப் புதுச்சேரியில் அவர் ‘முசே லாலி’. இங்கே வெறும் லாலி போதும்.

அவர் பிரெஞ்சுக்காரரா, ஐரிஷ்காரரா?

இரண்டும்தான். பிறந்தது 1702 ஜனவரியில், தென்கிழக்கு பிரான்சில் ரோமான் என்ற ஊரில். அம்மா பிரெஞ்சுக்காரர். அப்பா சர் ஜெரார்டு லாலி, அயர்லாந்தின் கால்வே பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கர். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் அரியணையை இழந்தபோது அவர் பக்கம் நின்ற ஐரிஷ் வீரர்கள் ஆயிரக்கணக்கில் 1691க்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி பிரெஞ்சு அரசரின் படையில் சேர்ந்தார்கள். அப்படி உருவான ஐரிஷ் படையணிகளில் ஒன்று டில்லன் படையணி. லாலியின் அப்பா அதில்தான் அதிகாரி. தொலாந்தால் என்பதும் கால்வேயில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த பழைய இடத்தின் பெயர், பிரெஞ்சு வாயில் அப்படி ஆகிவிட்டது.

இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் மீது லாலிக்கு இருந்த கோபம் வெறும் உத்தியோகக் கோபம் இல்லை. அது அப்பா வழிச் சொத்துபோல வந்தது.

எந்த வயதில் படைக்குப் போனார்?

கேட்டால் சிரிப்பு வரும். 1709இல், ஏழு வயதில், அப்பாவோடு ஸ்பெயினில் ஜெரோனா முகாமுக்குப் போயிருக்கிறார். பன்னிரண்டு வயதில் பார்சலோனா முற்றுகை. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளையை அலுவலகத்துக்கு அழைத்துப்போவதுபோல அந்த அப்பா போர்க்களத்துக்கு அழைத்துப்போனார். அந்தக் காலத்தில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பெயருக்கு ஒரு பதவி எழுதிவைப்பது வழக்கம்தான். முறையான ராணுவ வாழ்க்கை 1720களில் தொடங்குகிறது. 1734இல் ரைன் நதிக்கரைப் போர்களில் இருந்தார். 1730களின் பிற்பாதியில் ரஷ்யாவுக்கு ஒரு ரகசிய அரசியல் பயணமும் உண்டு, அதனால் பெரிய பலன் எதுவும் விளையவில்லை.

அவர் பெயர் எடுத்தது எந்தப் போரில்?

ஃபோந்தனுவா. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் சின்ன ஊர். 1745 மே 11. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் பெயரிலேயே லாலி படையணி என்று ஒன்று அமைத்திருந்தார்கள். ஆங்கிலேய, ஹனோவர் காலாட்படை ஒரே திரளாக பிரெஞ்சு அணியின் நடுவே புகுந்துவிட்டது. கம்பர்லாந்து கோமகன்தான் எதிர்த்தரப்புத் தளபதி. பிரெஞ்சுப் படையின் தாக்குதல்கள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. கடைசியில் ஐரிஷ் படையணிகள் ஆறையும் சேர்த்து பக்கவாட்டில் இறக்கினார்கள். கத்தி செருகிய துப்பாக்கியோடு ஓடிப்போய் மோதினார்கள், அந்தத் திரள் பின்வாங்கியது. அரசர் பதினைந்தாம் லூயி களத்திலேயே இருந்தார். அங்கேயே லாலியை பிரிகேடியராக உயர்த்தினார்.

ஒரு சின்ன விஷயம். பிரான்சுக்காகப் போரிட்ட ஐரிஷ் படையணிகள் போட்டிருந்ததும் சிவப்புச் சட்டைதான், ஆங்கிலேயர் போட்டிருந்ததும் சிவப்புதான். பதினைந்து ஆண்டு கழித்து வந்தவாசியிலும் லாலி படையணி அதே சிவப்பில்தான் நின்றது.

ஸ்காட்லாந்துக்கு ஏன் போனார்?

இரண்டாம் ஜேம்ஸின் பேரன் சார்லஸ் எட்வர்டு 1745இல் ஸ்காட்லாந்தில் இறங்கி, தாத்தாவின் அரியணையை மீட்கக் கிளர்ச்சி தொடங்கினார். லாலிக்கு அது குடும்ப விவகாரம் மாதிரி. போனார். 1746 ஜனவரியில் ஃபால்கர்க் போரில் இளவரசரின் உதவித் தளபதியாக இருந்தார். கிளர்ச்சி நசுங்கியதும் தப்பித்து பிரான்ஸ் திரும்பினார். 1748இல் மாஸ்திரிக்ட் முற்றுகையில் காட்டிய திறமைக்காக இன்னொரு பதவி உயர்வு.

இதுவரை பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இத்தனை ஆண்டும் அவர் செய்தது, மேலே ஒரு பெரிய தளபதி திட்டம்போட, இவர் ஒரு படையணியை நடத்திய வேலை. சோறு, சம்பளம், வண்டி மாடு, கப்பல் இதெல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள்.

இந்தியாவுக்கு அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

ஏழாண்டுப் போர் 1756இல் தொடங்கியது. பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி அரசரிடம் படை கேட்டது. கம்பெனி இயக்குநர்கள் லாலியைத்தான் விரும்பினார்கள்: ஆங்கிலேயரை வெறுப்பவர், கண்டிப்பானவர், லஞ்சம் வாங்காதவர். போர் அமைச்சர் தார்ஜான்சன் அவர்களை எச்சரித்தார் என்று சொல்வதுண்டு. அந்த மனிதர் நெருப்பு, ஒழுங்கீனத்தைக் கண்டால் பொறுக்க மாட்டார், ஊர்ப் பழக்கம் தெரியாமல் நடந்து உங்களுக்குள்ளேயே சண்டை மூட்டிவிடுவார் என்ற பொருளில். இயக்குநர்கள் கேட்கவில்லை. நெருப்புதான் வேண்டும் என்றார்கள்.

கொடுத்த உத்தரவில் இரண்டு முக்கியமான அம்சங்கள். ஒன்று, கடற்கரையில் உள்ள ஆங்கிலேயக் கோட்டைகளை இடிக்க வேண்டும். இரண்டு, கம்பெனி ஊழியர்களின் ஊழலை ஒழிக்க வேண்டும். ஒரு ஊருக்குப் போய் அந்த ஊர்க்காரர்களைத் திருடர்கள் என்று விசாரித்துக்கொண்டே, அவர்களிடமே பணமும் சாமானும் வாங்கிப் போர் நடத்து என்பது இதன் அர்த்தம். யாராக இருந்தாலும் திணறியிருப்பார்கள்.

பிரான்சிலிருந்து வர எவ்வளவு நாள் ஆயிற்று?

ஓர் ஆண்டு. 1757 மே 2ஆம் தேதி பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 1758 ஏப்ரல் 28ஆம் தேதி புதுச்சேரி. நடுவில் ரியோ டி ஜெனிரோ, இன்று மொரீஷியஸ் என்று சொல்லும் தீவு. தருவதாகச் சொன்ன படையிலும் கப்பலிலும் ஒரு பங்கைக் கடைசி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். கப்பலில் காய்ச்சல் பரவி நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கடற்படைத் தலைவர் தாஷே நிதானமானவர், லாலி அவசரக்காரர். ஒரே பயணத்தில் ஒரு வருஷம். கரைக்கு வரும்போது இருவருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை என்றால் ஆச்சரியமில்லை. அந்த ஓர் ஆண்டுக்குள் வங்காளத்தில் பிளாசி நடந்து முடிந்துவிட்டது.

வந்து இறங்கியதும் என்ன செய்தார்?

அன்று மாலையே படையைக் கடலூருக்கு அனுப்பினார். நாளை இல்லை, அன்றைக்கே. ஓராண்டு கப்பலில் இருந்த ஆட்கள், சித்திரை வெயில். சாப்பாடு கட்டிக்கொடுக்க நேரமில்லை, சரியான வழிகாட்டியும் இல்லை. புதுச்சேரியிலிருந்து கடலூர் சுமார் 25 கிலோமீட்டர்தான். அந்தப் படை இரவில் வழிதவறிச் சுற்றி, மறுநாள் பசியோடு போய்ச் சேர்ந்தது.

ஆனால் அவசரம் வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். மே முதல் வாரத்தில் கடலூர் பணிந்தது. ஜூன் 2ஆம் தேதி தேவனாம்பட்டினம் கோட்டை, அதாவது ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை, சரணடைந்தது. அடுத்து கொள்ளிட முகத்துவாரத்தில் உள்ள தேவிகோட்டை. ஐந்து வாரத்தில் தென்னாற்காடு கடற்கரை முழுக்க பிரெஞ்சுக்காரர் கையில். தேவனாம்பட்டினம் கோட்டையை லாலி வெடிவைத்து இடிக்கச் சொன்னார். அந்த உத்தரவு இரண்டரை ஆண்டு கழித்துப் புதுச்சேரிக்கே திரும்பி வந்தது. கீழே வருகிறேன்.

புதுச்சேரி மக்கள் அவரை ஏன் அவ்வளவு வெறுத்தார்கள்?

தேவனாம்பட்டின முற்றுகைக்குப் பீரங்கியும் குண்டும் போக வேண்டும். வண்டி மாடு இல்லை, கூலியாட்கள் இல்லை. உள்ளூர் கவர்னர் துவால் த லெரியின் ஆட்கள் ஏற்பாடு செய்திருக்கவில்லை. லாலி என்ன செய்தார் என்றால், ஊரில் அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்துச் சுமை தூக்க வைத்தார், வண்டி இழுக்க வைத்தார். பிராமணர், செட்டியார், வெள்ளாளர், பறையர் என்று எந்த வேறுபாடும் பார்க்கவில்லை.

இன்றைக்கு இதைப் படிப்பவர் சிலர் ‘அட, சாதி பார்க்காதவர்’ என்று பாராட்டக்கூடும். அப்படி இல்லை. எல்லாரையும் சமமாக மதித்ததால் செய்த காரியம் அல்ல இது, எல்லாரையும் சமமாக மதிக்காததால் செய்தது. விளைவு என்னவென்றால், கூலிக்குக்கூட யாரும் வர மறுத்து ஊரைவிட்டு நழுவினார்கள். அடுத்தடுத்த படையெடுப்புகளில் அவருக்கு மாடும் ஆளும் கிடைக்காமல் போனதற்கு இது ஒரு நேரடிக் காரணம்.

கம்பெனி ஊழியர்களிடமும் அதே நாக்கு. கடிதங்களில் அவர்களைத் திருடர்கள் என்றே எழுதினார். ஹைதராபாத்தில் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸிக்கு எழுதிய கடிதத்தில் தன் கொள்கை முழுவதையும் ஐந்தே சொல்லில் அடக்கினார்: இந்தத் தீபகற்பத்தில் இனி ஆங்கிலேயர் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் பணம் யார் தருவது என்பது அந்த ஐந்து சொல்லில் இல்லை.

தஞ்சாவூர்ப் படையெடுப்பு எதற்கு?

பணத்துக்கு. கஜானா காலி. தஞ்சாவூர் ராஜா சில ஆண்டுகளுக்கு முன், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் முற்றுகையிட்டிருந்த நெருக்கடியில், 56 லட்சம் ரூபாய்க்கு எழுதிக்கொடுத்த பத்திரம் ஒன்று புதுச்சேரியில் கிடந்தது. அந்தப் பழைய கடனை வசூலிக்கப் புறப்பட்டார்கள். ராஜா பிரதாப சிம்மன் கொடுப்பதாகவும் கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லாமல் நாளைக் கடத்தினார். இதில் அவர் கெட்டிக்காரர்.

போகும் வழியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தேவிகோட்டையில் பசித்த சிப்பாய்களுக்கு நெல் கிடைத்தது. அதைக் குத்தி அரிசியாக்க வழியில்லை. காவிரிப் பாசனப் பகுதியின் நடுவில் ஒரு ஐரோப்பியப் படை நெல் மூட்டையை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தது. நாகூரைச் சூறையாடினார்கள். கீழ்வேளூரில் கோவிலைத் தோண்டிப் புதையல் தேடினார்கள். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அங்கே நடமாடிய பிராமணர் ஆறு பேரை ஒற்றர்கள் என்று முடிவுகட்டி, பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். லாலி நல்ல மனிதர், சூழ்நிலைதான் கெட்டது என்று வாதாடுபவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தாழ்த்த வேண்டிய இடம்தான்.

தஞ்சைக் கோட்டைச் சுவரில் உடைப்பு விழுந்த நேரத்தில் வெடிமருந்து தீரும் நிலை. கடலில் ஆங்கிலேய அட்மிரல் போகாக்கிடம் தாஷே ஆகஸ்டு 3ஆம் தேதி அடிவாங்கினார் என்ற செய்தி வந்தது. காரைக்காலுக்கு ஆபத்து. ஆகஸ்டு 10ஆம் தேதி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்கள். கிளம்பும்போது தஞ்சாவூர்க் குதிரைப்படை முகாமுக்குள்ளேயே புகுந்து தாக்கியது, லாலி மயிரிழையில் பிழைத்தார்.

புஸ்ஸியை ஹைதராபாத்திலிருந்து திரும்ப அழைத்தது தவறா?

என் கணக்கில், செய்த தவறுகளிலேயே விலை அதிகமான தவறு அதுதான். புஸ்ஸி 1751 முதல் தக்காணத்தில் நிஜாமின் அரசவையில் இருந்தார். வடக்கு சர்க்கார் மாவட்டங்களின் வரியை பிரெஞ்சுப் படைச் செலவுக்கு வாங்கிவைத்திருந்தார். ஆள் எண்ணிக்கைக்காக லாலி அவரை அழைத்தார். அவர் வந்தார், செல்வாக்கு போனது. 1758 டிசம்பரில் கிளைவ் அனுப்பிய கர்னல் ஃபோர்டு கோதாவரிப் பகுதியில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினமும் விழுந்தது. பணம் இல்லை என்று தவித்தவர், பணம் வந்துகொண்டிருந்த ஒரே குழாயைத் தன் கையாலேயே அடைத்தார்.

சென்னையைப் பிடித்துவிட்டார் என்கிறார்களே?

பாதி பிடித்தார். 1758 டிசம்பர் 14ஆம் தேதி கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகளில் சாராயம் நிறையக் கிடைத்தது. படை குடித்துவிட்டுக் கொள்ளையில் இறங்கியது. கோட்டைக்குள்ளிருந்து கர்னல் டிரேப்பர் ஒரு படையோடு வெளியே பாய்ந்து வந்து தாக்கினார். தெருச்சண்டையில் இருபக்கமும் இருநூறுக்குமேல் இழப்பு. பிரெஞ்சு அதிகாரி தெஸ்தேங் பிடிபட்டார். (இவர் பிற்பாடு அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சுக் கடற்படையை நடத்தியவர்.)

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கவர்னர் பிகாட்டும், முதிய தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்சும் இருந்தார்கள். வெளியே செங்கல்பட்டு, பரங்கிமலைப் பக்கமிருந்து ஆங்கிலேயத் தரப்பின் கயோவும் யூசுப்கானும் லாலியின் முதுகைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். யூசுப்கான் என்றால் மருதநாயகம்தான். பிரெஞ்சுப் படைக்கு வந்த தானியத்தையும் மாட்டையும் வழியிலேயே மடக்கியதில் அவருடைய சிப்பாய்களுக்குப் பெரிய பங்கு. 1759 பிப்ரவரி 9ஆம் தேதி பரங்கிமலையில் பெரிய மோதலே நடந்தது.

சுவரில் உடைப்பு போட்டும் அதன் வழியாக ஏற முடியாது என்று பிரெஞ்சுப் பொறியாளர்கள் கைவிரித்தார்கள். பிப்ரவரி 14ஆம் தேதி லாலி எழுதிய கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கையில் சிக்கியது. இந்தச் சோதோமில் இருப்பதைவிட மடகாஸ்கருக்குப் போய் அங்குள்ளவர்களுக்குத் தலைமை தாங்கலாம் என்று அதில் புலம்பியிருக்கிறார். சோதோம் பைபிளில் பாவத்தால் அழிந்த ஊர், அந்தப் பெயரில் அவர் சொன்னது புதுச்சேரியை. இரண்டு நாள் கழித்து, 16ஆம் தேதி மாலை, கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்தன. அன்றிரவே முற்றுகை கலைந்தது.

பிரெஞ்சுக் கடற்படை என்ன செய்துகொண்டிருந்தது?

1758 ஏப்ரல், ஆகஸ்டு, 1759 செப்டம்பர் என்று மூன்று முறை போகாக்குடன் மோதியது. மூன்றிலும் முற்றான தோல்வி இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் தாஷே விலகிப்போனார். மூன்றாவது மோதலுக்குப் பிறகு மொரீஷியஸ் போனவர் திரும்பி வரவேயில்லை. சோழமண்டலக் கரையில் கடல் யார் கையிலோ, கரையும் கடைசியில் அவர் கையில்தான்.

வந்தவாசியில் உண்மையில் என்ன நடந்தது?

முதலில் பின்னணி. 1759 அக்டோபரில் வந்தவாசி முகாமிலேயே பிரெஞ்சுப் படைவீரர்கள் கலகம் செய்தார்கள். ஏறக்குறைய பத்து மாதச் சம்பளப் பாக்கி. அதிகாரிகளை விரட்டிவிட்டுத் தாங்களே தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் நகையும் காசும் திரட்டிக் கொஞ்சம் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். பிறகு லாலி படையில் ஒரு பகுதியை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார். அந்த இடைவெளியில் அயர் கூட் நவம்பர் 30ஆம் தேதி வந்தவாசிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார். அதை மீட்கப் போனதுதான் வந்தவாசிப் போராக முடிந்தது.

1760 ஜனவரி 22. லாலியிடம் ஐரோப்பியர் சுமார் 2,250 பேர், இந்தியச் சிப்பாய்கள் 1,300. கூட்டிடம் ஐரோப்பியர் 2,000க்குச் சற்றுக் குறைவு, சிப்பாய்கள் 2,000க்குச் சற்று அதிகம். லாலிக்குத் துணை வந்த மராட்டியக் குதிரைப்படை 3,000 பேர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வலது பக்கம் லொரேன் படையணி, நடுவில் கம்பெனிப் படை, இடது பக்கம் லாலி படையணி. இடது முனையில் ஒரு ஏரிக்கரை. அந்தக் கரைமேல் நான்கு பீரங்கிகளோடு கப்பல் மாலுமிகளை நிறுத்தியிருந்தார்கள்.

லாலி தன் பாணியிலேயே தொடங்கினார்: குதிரைப்படையின் முன்னால் போய்ப் பாயச் சொன்னார். அவர்கள் அசையவில்லை. அதிகாரியை அந்த இடத்திலேயே பதவிநீக்கம் செய்தார். அப்புறம் ஒருவழியாகக் கிளம்பியவர்கள் இரண்டு ஆங்கிலேயப் பீரங்கிகளின் வாய்க்கு நேரே போய்ச் சிதறினார்கள். லாலி ஏறக்குறைய தனியாக நின்றார். அடுத்து லொரேன் படையணி நெடுவரிசையாக ஓடி மோதியது. கூட்டின் ஆட்கள் ஐம்பது கஜம்வரை வரவிட்டுச் சுட்டார்கள். ஃபோந்தனுவாவில் ஐரிஷ்காரர்கள் செய்ததையே இங்கே லொரேன்காரர்கள் செய்யப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஏரிக்கரையில் இருந்த வெடிமருந்து வண்டியில் ஒரு குண்டு விழுந்தது. எண்பது பேர்வரை செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள், மற்றவர்கள் கரையைவிட்டு ஓடினார்கள். கரையை ஆங்கிலேயர் பிடித்தால் அங்கிருந்து லாலி படையணியின் பக்கவாட்டைச் சுடலாம். புஸ்ஸி அந்தப் படையணியை அழைத்துக்கொண்டு முன்னேறினார். அவர் குதிரை சுடப்பட்டது, சுற்றிப் பார்த்தால் இருபது பேர்தான் மிச்சம். பிடிபட்டார். பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. 200 பிரெஞ்சுக்காரர் களத்திலேயே இறந்தார்கள், பீரங்கிகள் எல்லாம் போயின. ஆங்கிலேயப் பக்கம் இறந்த ஐரோப்பியர் 63 பேர்.

ஒரு வெடிமருந்து வண்டி ஒரு பேரரசின் தலைவிதியை மாற்றியது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பத்து மாதம் சம்பளம் இல்லாத படையும், கூலி கொடுக்காமல் ஆள்பிடித்த நிர்வாகமும் அன்று தப்பித்திருந்தால் அடுத்த மாதம் விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஓராண்டு தாக்குப்பிடித்தாரே, எப்படி?

பிடிவாதத்தால். சேத்துப்பட்டு, ஆற்காடு, காரைக்கால், விழுப்புரம், சிதம்பரம், கடலூர் என்று ஒவ்வொன்றாகப் போயின. ஹைதர் அலியோடு ஒப்பந்தம் போட்டுக் கொஞ்சம் உதவி வந்தது, அதுவும் திரும்பிப்போனது. 1760 செப்டம்பரில் புதுச்சேரியைச் சுற்றி வளையம் இறுகியது.

உணவைக் காப்பாற்ற, நவம்பர் இறுதியில் நகரத்தில் இருந்த தமிழ் மக்கள் சுமார் 1,400 பேரை, ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஆங்கிலேயர் அவர்களை வெளியே போகவிடவில்லை. பிரெஞ்சுக்காரர் உள்ளே விடவில்லை. இரண்டு அணிக்கும் நடுவே எட்டு நாள், வயலில் கிடைத்த வேரையும் புல்லையும் தின்று கிடந்தார்கள். பிறகுதான் கூட் வழிவிட்டார்.

உள்ளே யானை, ஒட்டகம் எல்லாம் சாப்பாடாயின. ஒரு நாய் 24 ரூபாய்க்கு விலைபோனது. 1761 புத்தாண்டு இரவில் பெரும்புயல் அடித்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் பல மூழ்கின, சுமார் 1,100 மாலுமிகள் இறந்தார்கள், முற்றுகை மேடுகள் தரைமட்டமாயின. வெளியே பாய்ந்து தாக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. லாலி படுத்த படுக்கை, வீரர்களுக்கு நடக்கவே தெம்பில்லை. ஒரு வாரத்தில் போகாக்குக்குப் பின்வந்த அட்மிரல் ஸ்டீவன்ஸ் மீண்டும் கடலை அடைத்தார். ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. சில நாள் முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகியிருந்தார்.

பிகாட் புதுச்சேரியை இடிக்க உத்தரவிட்டார். ஆங்கிலேயர் சொன்ன நியாயம்: உங்கள் அரசர் லாலிக்குக் கொடுத்த உத்தரவே இதுதானே, தேவனாம்பட்டினத்தில் நீங்கள் செய்ததும் இதுதானே. லாலியைப் பல்லக்கில் சென்னைக்குக் கொண்டுபோனபோது அவருடைய சொந்த அதிகாரிகளே கூடிநின்று ஏசினார்கள். அவர் பக்கத்து அதிகாரி துபுவா என்பவரை வாசலிலேயே வாள்சண்டைக்கு இழுத்துக் கொன்றார்கள். கம்பெனியார் மீது அவர் சேர்த்துவைத்திருந்த காகிதங்கள் காணாமல் போயின.

பிரான்சில் அவருக்கு ஏன் மரண தண்டனை?

லண்டனில் போர்க்கைதியாக இருந்தவர், பாரிஸில் தன்மேல் குற்றச்சாட்டு கிளம்பியதும் வாக்குறுதி கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு தானே போனார். ‘என் தலையையும் என் குற்றமின்மையையும் கொண்டுவந்திருக்கிறேன்’ என்று அமைச்சருக்கு எழுதினார். 1762 நவம்பரில் பாஸ்தீல் சிறை. ஒன்றரை வருஷத்துக்குமேல் விசாரணையே இல்லை. பிறகு வழக்கு பாரிஸ் பார்லமாங்கில் நடந்தது. பெயரைப் பார்த்து நாடாளுமன்றம் என்று எண்ண வேண்டாம், அது உயர்நீதிமன்றம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அவரை அனுமதிக்கவில்லை. சாட்சி சொன்னவர்கள் பெரும்பாலும் அவர் திருடர்கள் என்று ஏசிய அதே கம்பெனியார்.

குற்றவாளிகளுக்கான தாழ்ந்த முக்காலியில் உட்காரச் சொன்னபோது, தன் வெள்ளைத் தலையைக் காட்டி, ஐம்பத்தைந்து ஆண்டு சேவைக்கு இதுதான் பரிசா என்று கேட்டாராம். 1766 மே 6 தீர்ப்பு: அரசர், அரசு, கம்பெனி ஆகியோரின் நலன்களைக் காட்டிக்கொடுத்தது, அதிகாரத் துஷ்பிரயோகம், பணம் பறித்தது. மே 9 அன்று, பேசிவிடக் கூடாதென்று வாயில் துணியடைத்து, சாதாரண வண்டியில் ஏற்றி க்ரேவ் சதுக்கத்துக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். வயது 64.

அவர் உண்மையில் துரோகியா?

இல்லை. ஆங்கிலேயரிடம் காசு வாங்கினார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, அவரை அறிந்த ஆங்கிலேயரே அதை நம்பவில்லை. அயர் கூட், கட்டுக்குலைந்த, சம்பளமில்லாத படையை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் நின்றவர் வேறு யாருமில்லை என்ற பொருளில் பாராட்டி எழுதினார். கொடுமைகள் செய்தாரா? செய்தார். ஆனால் கீழ்வேளூருக்காக அவர் தலையை யாரும் கேட்கவில்லை. கனடாவும் இந்தியாவும் போன ஆத்திரத்தில் பாரிஸுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. எல்லாருக்கும் அவரைக் கொல்ல உரிமை உண்டு, மரண தண்டனையை நிறைவேற்றுபவனுக்கு மட்டும் கிடையாது என்று அப்போது பாரிஸில் புழங்கிய பேச்சு, நான் பார்த்தவரை அவரைப் பற்றிச் சொன்னதிலேயே சரியான தீர்ப்பு.

தீர்ப்பு பின்னால் ரத்தானதா?

பாதி. திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஒருவர் உண்டு, த்ரோஃபீம் ழெரார். தன் அப்பா யாரென்பதே தண்டனை நிறைவேறும் நேரத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது. அப்போது வயது பதினைந்து. பிறகு பன்னிரண்டு ஆண்டு வழக்கோடு போராடினார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் துணைநின்று எழுதினார். 1778 மே மாதம் அரசரின் ஆலோசனைச் சபை பழைய தீர்ப்பை ரத்துசெய்தது. மரணப் படுக்கையில் இருந்த வால்டேர் செய்தி கேட்டு, சாகிறவன் உயிர்த்தெழுகிறான், நிம்மதியாகச் சாவான் என்று மகனுக்கு நாலு வரி எழுதினார். நான்கு நாளில் இறந்தும் போனார். ஆனால் மறுவிசாரணைக்குப் போன ரூவான், திஜோன் நீதிமன்றங்கள் லாலியைக் குற்றமற்றவர் என்று அறிவிக்க மறுத்துவிட்டன. அங்கே எதிர்த்து வாதாடியவர் துவால் தெப்ரெமெனில், புதுச்சேரி கவர்னர் லெரியின் உறவுக்காரர். புதுச்சேரிச் சண்டை அதுவரை முடியவில்லை.

புதுச்சேரியில் லாலியின் நினைவாக ஏதாவது இருக்கிறதா?

வெள்ளை நகரத்தில் லாலி தொலாந்தால் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. அவர் பார்த்த புதுச்சேரியில் கட்டடம் அநேகமாக எதுவும் மிச்சமில்லை. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் ஊர் திரும்பக் கிடைத்ததும், 1765இலிருந்து ழான் லா த லோரிஸ்தோன் காலத்தில் இடிபாடுகள்மேல் கட்டியெழுப்பியதுதான் இன்றைய நகரம்.